பாயின் ஈறும் என் வாயும்

பெண்டாங் ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரை நான் இரண்டு மாதம் ஏசியிருக்கிறேன். தனியாகக்கூட இல்லை, கிளினிக்கில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது. இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது. யார் மேல் என்பதுதான் மாறிவிட்டது.

சுங்கைப்பட்டாணியில் ஒரு பல் டாக்டருக்கு நான் உதவியாள். வருகிறவர்கள் நர்ஸைப் போல என்னையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். இம்பிளாண்ட் என்றால் முதலில் தாடை எலும்புக்குள் ஒரு ஸ்குரூ இறங்கும். அது பிடித்த பிறகு அதன் மேல் ஒரு சின்ன உலோகத் துண்டை முடுக்குவோம். ஈறுக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டு நிற்பது அதுதான். ஈறு அதைச் சுற்றி ஒட்டி ஆறினால்தான் மேலே பல் கட்ட முடியும். பல் செய்யும் லேப்பிலிருந்து வரும்போது அந்தத் துண்டு பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் பாலிஷ் தூளும் எண்ணெய்ப் பசையும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும். முன்பெல்லாம் டாக்டர் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்து முடுக்கிவிடுவார். தண்ணீரை அதிரவைத்து அழுக்கை உதிர்க்கும் மெஷின் வேண்டும் என்று ஒரு வருஷம் அவர் காதில் ஓதினேன். "ஸ்பிரிட் போதும்லா" என்பார். கடைசியில் என் தொல்லை தாங்காமல்தான் வாங்கினார்.

பாய் வந்தது அதற்குப் பிறகு. வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் போயிருந்தது. அவர் கடையில் ஆட்டுக்கறியை அவர் ஒரு துண்டு கடித்துத் தலையாட்டினால்தான் சட்டி பரிமாற முன்னால் வருமாம். பல் போனதிலிருந்து சமையல்காரர்தான் கடித்துப் பார்க்கிறாராம். சொல்லும்போதே அவர் முகம் தொங்கிப்போயிற்று.

துண்டை முடுக்கி இரண்டு வாரம் கழித்து வந்தார். ஈறு சிவந்து வீங்கியிருந்தது, தொட்டால் ரத்தம். கழற்றி, மெஷினில் போட்டு, கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் நீராவியில் வேகவைத்து மறுபடி முடுக்கினோம். மறுபடி அதே சிவப்பு. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மெஷின் மேல் தப்பில்லை. என் மேலும் இல்லை. மிச்சம் யார்?

"பாய், பல்லு விளக்குறீங்களா இல்லையா? உண்மைய சொல்லுங்க."

"ரெண்டு வேளையும் விளக்குறேன் மிஸ்ஸி."

"விளக்குனா ஏன் இப்படி இருக்கு? சிகரெட்டா?"

"அத விட்டு வருஷக்கணக்காச்சு மிஸ்ஸி."

நான் நம்பவில்லை. இப்படிப் பொய் சொன்னால் எந்த டாக்டரும் காப்பாற்ற முடியாது என்று வெளியே கேட்கும்படி சொன்னேன். என் அப்பா வயது அவருக்கு. தலையைக் குனிந்துகொண்டார். ஈறுக்கு மருந்து வைக்க வாராவாரம் வந்தார், வந்தபோதெல்லாம் இதே ஏச்சுதான். அடுத்த தடவையும் ஆறாவிட்டால் ஸ்குரூவையே எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு எதையும் கையில் வாங்கிப் பார்க்காமல் நம்பிக்கை வராது. பாசாரில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர்கள், தங்கள் வாய்க்குள் போவதைப் பார்க்காமல் விடுவார்களா? "மிஸ்ஸி, கொடுங்க, பார்ப்போம்" என்று கேட்பார்கள். எனக்கும் என் மெஷின் செய்த வேலையைக் காட்டவேண்டும் என்று ஓர் ஆசை. டாக்டர் திரும்பி ஊசி மருந்து எடுக்கும் நேரத்தில் துண்டை அவர்கள் உள்ளங்கையில் வைப்பேன். பார்த்துவிட்டுக் கொடுத்ததும் ஸ்பிரிட்டால் துடைத்து டாக்டரிடம் நீட்டுவேன்.

பாய்க்கு மூன்றாம் தடவை முடுக்கும்போதும் அப்படித்தான். பாய் துண்டைக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தார். "நல்லா மின்னுது மிஸ்ஸி" என்று திருப்பிக் கொடுத்தார். துடைத்தேன். வெள்ளைப் பஞ்சில் மஞ்சள் கோடு விழுந்தது.

கறி மசாலா. எத்தனை சோப்புப் போட்டாலும் சமையல்கட்டுக் கையின் நகக்கண்ணில் அந்த எண்ணெய் நிற்கத்தான் செய்யும். மெஷின், ஆட்டோகிளேவ் எல்லாம் முடித்துச் சுத்தமான துண்டை நானே அந்தக் கையில் வைத்திருக்கிறேன், மூன்று தடவையும். ஸ்பிரிட் போதாது என்று ஒரு வருஷம் கத்தியவள், ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும் என்று இருந்திருக்கிறேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

டாக்டரை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். "சரி, திரும்பக் கழுவுங்க. இனிமே கையில கொடுக்காதீங்க" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பாயிடம் கொஞ்சம் காத்திருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து எல்லாம் செய்தேன். இந்த முறை இடுக்கியிலிருந்து நேராக டாக்டர் கைக்குப் போனது.

இரண்டு வாரம் கழித்து வந்தார். ஈறு இளஞ்சிவப்பாகத் துண்டைச் சுற்றி ஒட்டியிருந்தது, ரத்தம் இல்லை. ஸ்குரூ தப்பித்தது, அடுத்து பல் கட்டலாம் என்றார் டாக்டர். பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே போனவர், காத்திருந்த கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"இந்த மிஸ்ஸி ஏசுனா கோவிச்சுக்காதீங்க. நம்ம நல்லதுக்குத்தான் ஏசுறாங்க. அவங்க ஏசப் போயித்தான் நான் ஒழுங்கா விளக்குனேன், புண்ணு ஆறிருச்சு."

என் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்குங்க மிஸ்ஸி. முன்னால நான்தான் சரியா விளக்கல போல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு மாதம் நாலு பேர் முன்னால் நன்றாகத் திறந்த வாய்தான்.

"பரவாயில்ல பாய்" என்றேன்.