புறங்கை வைத்தியம்

பட்டறை வாசலில் வண்டி வந்து நின்றதும், மெக்கானிக்கான அவர், ஓட்டி வந்தவரிடம் பேசமாட்டார். நேரே போய்ப் பின்சக்கரங்களை நலம் விசாரிப்பார். வலது சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைப்பார். சுற்றிப் போய் இடதிலும் வைப்பார். எது அதிகம் சுடுகிறதோ அங்கேதான் ஹேண்ட்பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பழைய வண்டிகளில் லிவரை இறக்கினாலும், துருப்பிடித்த கேபிள் உள்ளே தளராது. "மேல சரின்னு தலையாட்டும், கீழ அடம் பிடிக்கும். நம்ம மச்சான் மாதிரி" என்பார். வட்டாரத்தில் அவருக்குத் தெர்மாமீட்டர் என்றே பெயர்.

ஜாக்கியைத் தொடுவதற்கு முன்பே நோயைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய வீம்பு. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கிற மெக்கானிக்குகளை, "நாடி பார்க்கத் தெரியாம வயித்தக் கிழிக்கிறானுங்க" என்று கிண்டலடிப்பார்.

அந்த வீம்புதான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது. சர்க்கரை நோயில் விரல்களும் புறங்கையும் மரத்துப்போய் மாதக்கணக்காகிறது. யாரிடமும் சொல்லவில்லை. வாடையையும், வண்டிக்காரர்கள் சொல்லும் கதையையும் வைத்து ஒப்பேற்றினார். விஷயம் வெளியே தெரிந்தால் பட்டறைக்கு யார் வருவார்கள் என்ற பயம் அவரைத் தின்றது.

இன்று காலை ஒரு டாக்ஸிக்காரர் வந்தார். "அண்ணே, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. கருகுற வாடை வேற."

புறங்கை இரண்டு பக்கமும் போனது. இடதில் வெகுநேரம் இருந்தது. "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. பிரேக் இல்ல, கிளட்ச்சுதான்" என்றார், கூசாமல்.

கல்லாவில் இருந்த மனைவி எழுந்து வந்தாள். அவருடைய விரல் முட்டிகளில் தோல் வெளுத்துக் கொப்பளித்திருந்தது.

"கை வெந்துபோச்சு. தெரியலையா உங்களுக்கு?" என்றாள் தாழ்ந்த குரலில்.

அவர் பார்த்தார். யாருடைய கையோ போல இருந்தது. "சத்தம் போடாத."

"எத்தனை நாளா இப்படி?"

அவர் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அப்ப கிளட்ச்ச கழட்டிடலாமாண்ணே?" முன்பக்கத்திலிருந்து டாக்ஸிக்காரர் கேட்டார்.

"இருப்பா. இன்னொரு தரம் பாத்துடறேன்."

ஜாக்கி காலடியிலேயே கிடந்தது. அதை எடுக்க மனம் வரவில்லை. இடதுபக்கம் போய் மண்டியிட்டு, கன்னத்துக்காவது சூடு தெரிகிறதா என்று அதை மெல்லச் சக்கரத்தருகே கொண்டுபோனார். டாக்ஸிக்காரர் எட்டிப் பார்க்கத் திரும்பினார். மனைவி கல்லா துடைக்கும் துணியை அகலமாக விரித்து உதறியபடி, இருவருக்கும் நடுவே வந்து நின்றாள்.