லயம் லயமாகப் பிள்ளை தேடிய அம்மா

தோட்டத்து மாரியம்மன் பாதம் பணிந்து, அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறையும் இந்நாளில், மூத்த மகனாகிய நான் இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன். அதிகம் படித்தவன் இல்லை. எழுத்தில் குறை இருந்தால் சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தார். அப்பாவைக் கைப்பிடித்து, பதுளைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே அப்பா தவறிவிட்டார். மழையோ பனியோ, காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு அம்மா ஒருநாளும் பிந்தியதில்லை. தேயிலைக் கொழுந்து பறித்தே எங்களை ஆளாக்கினார்.

தங்கச்சிக்குப் பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. நடையும் பிந்தியது, பேச்சும் பிந்தியது. தாய்மார் மலைக்கு ஏறும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவிலேயே அவள் வளர்ந்தாள். கூட இருந்த பிள்ளைகள் ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போனார்கள். இவள் மட்டும் தொட்டில்களுக்கு நடுவே உயரமாகிக்கொண்டே போனாள். அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் ஆயம்மாவுக்கு நல்ல மனசு. "இருக்கட்டும்டி, சின்னதுங்க அழுதா இவதான் ஆட்டி விடுறா" என்பார்.

ஒரு விஜயதசமிக்கு அம்மா தங்கச்சியைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், ஏடு தொடக்கும் குழந்தைகளோடு உட்கார வைத்தார். பூசாரி அவள் விரலைப் பிடித்து அரிசியில் எழுதப் போக, அவள் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பூசாரியும் சிரித்து, "பரவால்ல, சரஸ்வதி நேரா வயித்துக்குப் போயிட்டா" என்றார். அம்மா சிரித்துக்கொண்டேதான் கண்ணைத் துடைத்தார்.

மறுநாளே பள்ளி அதிபரிடம் போனார். நானும் கூடப் போனேன். அதிபர் விரட்டவில்லை.

"இந்த மாதிரிப் புள்ளைங்களுக்குப் படிப்பிக்க எங்களுக்குத் தெரியாதேம்மா. டவுன்ல விசேட வகுப்பு இருக்கு, ஆனா சிங்களத்துல. தமிழ்ல கேக்கணும்னா ஏழெட்டுப் புள்ளையாவது சேரணும். எங்க போவீங்க?"

"இருக்காங்க சேர். எல்லாம் உள்ள இருக்காங்க" என்றார் அம்மா.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாக ஏறி இறங்கினார். வாசலில் நின்று விசாரிக்க மாட்டார். கொடியில் காயும் துணியைப் பார்ப்பார். கைக்குழந்தை இல்லாத வீட்டில் பெரிய பெரிய இடுப்புத்துணி காய்ந்தால், உள்ளே வளர்ந்த பிள்ளை ஒன்று படுத்திருக்கிறது என்று அர்த்தம். தன் வீட்டுக் கொடியைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

"கொழுந்து பத்தாதுன்னு இப்ப புள்ள பறிக்கக் கெளம்பிட்டியாக்கா?" என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஒரு வீட்டில் கதவையே சாத்தப் பார்த்தார்கள். "எங்க வீட்டுல அப்படி யாருமில்ல. பெரியவளப் பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க. வாய மூடிக்கிட்டுப் போயிரு."

அம்மா கோபப்படவில்லை. தங்கச்சியோடு அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். "போறேன் தாயி. ஏறி வந்தது மூச்சு வாங்குது. எம்புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடு." தண்ணீர் கொண்டுவந்தவர் தங்கச்சியைப் பார்த்தார், வாயோரம் வழிவதை அம்மா முந்தானையால் துடைப்பதைப் பார்த்தார். செம்பைப் படியில் வைத்துவிட்டு, "எங்கூட்டுல பையன்" என்றார் மெல்ல.

இப்படிச் சேர்த்த பிள்ளைகளுக்கு வகுப்பு கிடைக்கப் பல வருசமாயிற்று. அதிபர்கள் மாறினார்கள். "அடுத்த தவணை பார்ப்போம்" என்ற பதிலையே அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் தோட்டப் பள்ளியிலேயே சாமான் அறை ஒன்றை ஒழித்து, பயிற்சி பெற்ற டீச்சர் ஒருவரையும் அனுப்பினார்கள். அன்று அம்மா தங்கச்சிக்குத் தலைவாரிப் பூ வைத்து, முதல் ஆளாகக் கூட்டிப் போனார்.

டீச்சர் தங்கச்சியை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் அவள் அம்மாவை விட உயரம். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. இவவுக்கு வயசு கடந்துட்டு. எடுக்கேலாது."

அம்மா தங்கச்சியின் தலைப்பூவைச் சரிசெய்தார். பிறகு, "சரிங்க டீச்சர். மத்ததுங்கள நல்லாப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். வீட்டுக்கு வந்துதான் என்னிடம் சொன்னார்: "எம்புள்ள கொஞ்சம் பிந்திப் பொறந்திருக்கலாம்டா."

அதற்குப் பிறகும் அம்மா ஓயவில்லை. பிள்ளையை அனுப்பாத வீட்டுக்கு வேலை முடிந்து போய், "ஏன் இன்னைக்கு வரல?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார். நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் எங்களிடம் கேட்டது ஒன்றுதான். "நான் போயிட்டா அவள உள்ள வெச்சுப் பூட்டிராதீங்க. நாலு பேரு கண்ணுல படட்டும்."

பூட்டவில்லை அம்மா. தங்கச்சி எங்களோடுதான் இருக்கிறாள். மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் இறங்கும் நேரம் வாசலுக்குப் போய் நிற்கிறாள். கடைசி ஆள் இறங்கும்வரை நாங்களும் அவளோடு நிற்கிறோம்.

ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் கூட இருந்த அத்தைக்கும், பாடை கட்டித் தோள் கொடுத்த தோட்டத்து இளைஞர்களுக்கும், அந்த வகுப்பு டீச்சருக்கும், இன்று தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்த மொனராகலைச் சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

இன்னும் ஒன்று. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த மலரை வாங்கும் வீடுகளில் ஒன்றுக்கு, அம்மாவின் திவசத்துக்கு அழைப்புச் சொல்ல வந்திருந்தேன். உள்ளறையில் சத்தம் கேட்டது. ரேடியோ என்றீர்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அம்மாவாக இருந்தால் வாசல் படியில் உட்கார்ந்திருப்பார்.

திங்கட்கிழமை வகுப்பு இருக்கிறது. நானே வந்து கூட்டிப் போகிறேன். உங்கள் பிள்ளைக்கு இன்னும் வயது கடக்கவில்லை.