வழக்கமான அர்ச்சனை

ஒன்பது வருடங்களுக்கு முன், தை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, காலை ஆறே முக்கால் மணி. ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் பத்து வயது மகளை அழைத்துக்கொண்டு போனேன். பக்தியால் அல்ல, பொறாமையால்.

வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் என் பங்காளியை மண்வெட்டியால் வெட்டியவன் நான். அவர் பிழைத்தார். ஆனால் இடது கை இன்றுவரை சரியாக வரவில்லை. ஆறு வருடம் சிறையில் இருந்தேன். அந்த ஆறு வருடமும் என் மனைவியையும் மகளையும் வைத்துக் காப்பாற்றியவர் ரிஷிவந்தியத்தில் இருக்கும் மச்சான், மனைவியின் அண்ணன்.

வெளியே வந்ததும் வெள்ளிமலையில் ஜீப் ஓட்டினேன். ஞாயிறு மாலை இறங்கி வந்து, திங்கள் மதியம் மலையேறுவேன். அந்த ஒரு நாளில் நான் கண்டதெல்லாம் மச்சானைத்தான். மகளுக்குப் பூசணிக்காய் ஆகாது என்பது அவருக்குத் தெரியும். பள்ளிக்கூட ரேங்க் கார்டில் இருந்தது அவர் கையெழுத்து. ஒருமுறை மலைத்தேன் கொண்டுவந்தேன். முதல் சொட்டை நக்கிவிட்டு, “மாமாவுக்குக் கொஞ்சம் எடுத்து வெச்சிடும்மா” என்றாள். அவளுக்குத் தலை பின்னிவிடக்கூட முயன்றேன். “கோழி கெளறின மாதிரி கீது” என்று அவிழ்த்துவிட்டாள். மச்சான் சிரித்தார். “இன்னா மாப்ள, ஜீப்பு ஸ்டேரிங்குன்னு நெனச்சிட்டியா?”

நானும் சிரித்தேன். அன்று டைரியில் அவரைப் பற்றி எழுதியதை இங்கே எழுத முடியாது.

வெள்ளிமலையில் ஓர் அறை பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். பரீட்சை முடிந்ததும் இருவரையும் மலைக்கு அழைத்துப் போய்விடுவது, பிறகு மச்சான் வீட்டுப் போக்குவரத்தையே குறைப்பது என்பது என் திட்டம். திங்கள்தோறும் மச்சான் மகளைக் கோயிலுக்கு அழைத்துப் போவது வழக்கம். அன்று அவர் கழனிக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்த நேரம் பார்த்து, நான் முந்திக்கொண்டேன். சாமி நம்பிக்கை சிறையிலேயே எனக்குப் போய்விட்டிருந்தது. அவர் இடத்தில் நான் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

“குழந்தை பேருக்கு அர்ச்சனைங்க” என்றேன்.

“நட்சத்திரம்?” என்றார் குருக்கள்.

அவள் பிறந்த கிழமை, மணி, எடை, அன்று பெய்த மழை எல்லாம் டைரியில் எழுதி வைத்தவன் நான். நட்சத்திரம் மட்டும் எழுதவில்லை.

மகள் எட்டிப் பார்த்து, “எனக்கு வேணாங்க சாமி. எப்பவும் சொல்றதே சொல்லுங்க” என்றாள்.

குருக்கள் தலையாட்டிவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார். கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசி, அதன்பின் என் பெயர். ஒரு தடுமாற்றமும் இல்லாமல், பலநாள் பழகிய வாயிலிருந்து வந்தது.

திருநீறு கொடுக்கும்போது அவளிடம், “அப்பா இன்னும் வெளியூர்லேர்ந்து வரலையா பாப்பா?” என்று கேட்டார்.

“இவருதாங்க சாமி எங்கப்பா.”

பிரகாரத்தில் வந்து உட்கார்ந்தேன். “மாமா பேருக்கு அர்ச்சனை பண்ண மாட்டீங்களா?” என்று கேட்டேன்.

“வூட்டுல இல்லாதவங்க பேரத்தான் சாமிகிட்ட சொல்லணுமாம். இருக்கறவங்கள நாமளே பாத்துக்கலாம்னு மாமா சொல்லும்” என்றவள், கொஞ்சம் யோசித்து, “நீதான் வந்துட்டியே, அடுத்த வாரம் யாரு பேரு சொல்றது?” என்று கேட்டாள்.

வீட்டுக்குத் திரும்பினோம். மச்சான் வாசலில் சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். “முடிஞ்சிதா மாப்ள?” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால், “முடிஞ்சிது” என்று மட்டும் சொன்னேன். அப்போதும் பொறாமைதான். எனக்காக வேண்டிக்கொள்ள அவரால் முடிந்தது, அவருக்காக ஒருமுறைகூட என்னால் முடியவில்லையே என்ற பொறாமை.

வெள்ளிமலை அறையை விட்டுவிட்டேன். மச்சான் தெருவிலேயே குடிவந்து, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறேன். பொறாமை முழுதாகப் போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகும். இப்போதும் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் மாமாவைத்தான் கேட்கிறாள்.

கடவுளை நான் கண்டதில்லை. ஆனால், சொந்த ஊரில் யாரும் வாயெடுத்துச் சொல்லக் கூசிய என் பெயரை ஆறு வருடம் வாராவாரம் ஒருவர் சொல்லவைக்க, அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர் உண்டு என்றால், அவரை நான் நம்புகிறேன்.