கட்டை விரலை மடக்கிக் கொடுத்த கை

பிள்ளைகளே, உங்கள் தம்பியின் உள்ளங்கையில் கறுப்பு மை தடவிய வெளியூர் அம்மாவை உங்களுக்கு நினைவிருக்காது. நீங்கள் இருவரும் அப்போது சின்னவர்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடித்த காலம் முடிந்து ஓரிரு வருடம் இருக்கும். நாராயணவனத்துப் பக்கம் யாராவது பையும் பேப்பருமாக வந்தால், ஆண்கள் இன்னும் கொல்லைப் பக்கம் நழுவிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மா திருப்பதியில் ஆராய்ச்சி செய்கிறவர். தம்பியைப் போலப் பேச்சு வராத, அறிவு மெதுவாக வளரும் பிள்ளைகளுக்கு அது குடும்ப வழியாக வருகிறதா என்று பார்ப்பதுதான் வேலையாம். அதற்குப் பிள்ளை, பெற்றவர்கள், சொந்தக்காரர்கள் எல்லாருடைய கைரேகையையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் அம்மா எனக்கு என்ன முறை என்று அவர் முதலில் கேட்டார். அக்கா மகள் என்றேன். உடனே பேப்பரில் எனக்கென்று போட்ட சதுரத்துக்கும் உங்கள் அம்மாவுக்கென்று போட்ட வட்டத்துக்கும் நடுவில் இரட்டைக் கோடு போட்டார்.

"இன்னாம்மா, எங்களுக்கு மட்டும் ரெண்டு கோடு?"

"சொந்தத்துல கட்டினவங்கன்னு குறிக்கிறது அண்ணா. தப்புன்னு இல்ல."

நான் தப்பு என்று சொல்லவே இல்லையே. அவருக்கு ஏன் அது வாயில் வந்தது?

என்னுடைய பெரிய பயம் வேறு. கிணற்றடி நிலம் அப்போது எனக்கும் உங்கள் பெரியப்பாவுக்கும் பாகம் பிரிக்காமல் பொதுவில் இருந்தது. 'உன் பையனுக்கு எதுக்குடா பாகம்? என் பசங்களோட ஒரு வாய் துன்னுட்டுப் போறான்' என்று அவர் சிரித்தபடி சொல்லியிருந்தார். தம்பிக்குப் புத்தி போதாது என்று ஒரு பேப்பரில் ஏறி, அதன் கீழே என் ரேகையும் விழுந்தால் அவன் பாகம் போயிற்று. நம் பக்கத்தில் பத்திரத்துக்கு அல்லாமல் யார் ரேகை கேட்பார்கள்? அண்ணன்தான் இந்த அம்மாவை அனுப்பியிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

தடுப்பதற்குள் தம்பி தானாகவே மைக்குக் கையை நீட்டி ரேகையும் கொடுத்துவிட்டான். என் முறை வந்தபோது கட்டை விரலை மடக்கிக்கொண்டு கையை நீட்டினேன்.

"கட்டை விரலும் வேணும் அண்ணா."

"நாலு விரல் கீதே, போதாதா?"

"நான் பத்தும் குடுத்துட்டேன். உன் விரல்ல மட்டும் இன்னா மாமா, தங்கமா கட்டிக்கினு கீது?" என்றாள் உங்கள் அம்மா.

அதற்குள் பெரியப்பா வந்தார். அவரிடமும் ரேகை கேட்டதும் குதித்தார். "இன்னாடா, உன் பையனுக்குக் காலம் பூரா நான்தான் சோறு போடணும்னு எழுதிக்கிறதுக்கு ஆளைக் கூட்டிக்கினு வந்துகீறியா?"

"நான் எங்கே கூட்டியாந்தேன்? நீதான் அனுப்பினேன்னு நான் நெனச்சிக்கினு கீறேன்!"

"ஐயோ, என்னை யாருமே கூப்பிடலண்டி," என்று தெலுங்கு கலந்து சொன்ன அந்த அம்மா மை உருளையோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாதி வேலையோடு கிளம்பிப் போனார்.

அண்ணன் பாகமும் தரமாட்டார், சோறும் போடமாட்டார் என்று அன்றைக்குப் புரிந்தது. சீக்கிரம் பாகம் பிரித்துவிட வேண்டும். அதற்கு முன்னால் தம்பியின் ரேகைப் பேப்பர் என் கைக்கு வந்துவிட வேண்டும். அடுத்த வாரம் திருப்பதிக்கு பஸ் ஏறினேன்.

கேட்டதும் அந்த அம்மா பேப்பரை எடுத்து நீட்டிவிட்டார். "கொண்டு போங்க அண்ணா. இதுல பேர் கூட இல்ல, நம்பர்தான்."

வாங்கிக்கொண்டேன், ஆனால் உடனே கிளம்பவில்லை. "இதால பையனுக்குப் பேச்சு வருமா?" என்றேன்.

"வராது. அவனுக்கு இதால ஒண்ணும் ஆகாது. ஏன் இப்படி ஆகுதுன்னு தெரிஞ்சா, பின்னாடி பொறக்கிற பிள்ளைங்களுக்கு ஆகலாம்."

ஏமாற்ற வந்தவர் இப்படிச் சொல்லமாட்டார் என்று தோன்றியது. உங்களுக்கும் நாளைக்குக் கல்யாணம், பிள்ளைகள் என்று வருமே என்றும் நினைத்தேன். பேப்பரை மேஜைமேல் வைத்துவிட்டுப் பத்து விரலும் கொடுத்தேன். ஆனாலும் முழுக்க நம்பினேன் என்று சொல்லமாட்டேன்.

நான் கை கழுவத் தண்ணீர் கொண்டுவர அவர் வெளியே போனார். அறையில் வேறு யாரும் இல்லை. தம்பியின் பேப்பரிலும் என் பேப்பரிலும் ரேகைக்குக் கீழே நிறைய வெற்றிடம் இருந்தது. அவருடைய பேனாவை மைக் கையாலேயே எடுத்து, பிறகு யாரும் எதையும் எழுதிச் சேர்க்க முடியாதபடி, இரண்டிலும் அந்த வெற்றிடத்தில் மூலைக்கு மூலை கோடு போட்டு அடித்தேன்.