ஆமென் சொன்ன மூன்று நாள்

கோவில்பட்டிக்கு வெளியே, வயதான கத்தோலிக்கச் சாமியார்கள் தங்கும் இல்லத்தில் எனக்கு வேலை. குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, படுக்கை மாற்றுவது. அங்கே ஒரு இத்தாலிக்காரச் சாமி இருந்தார். ஐம்பது வருஷமாகக் கரிசல்காட்டு ஊர்களில் சைக்கிள் மிதித்தவர். "ஏலே, சாப்ட்டியா?" என்று நம் ஆட்களைப் போலவே கேட்பார்.

போன சித்திரையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது தமிழ் போயிருந்தது. வேறு ஏதோ பேசினார். ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பார்க்க வந்த ஊர்க்காரர்கள் கட்டிலைச் சுற்றி முழங்கால் போட்டார்கள். ஒரு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் காலத்து லத்தீன் செபம்லா சொல்லுதாக! குடுத்து வச்சிருக்கணும்," என்றார். சாமி நிறுத்தும்போதெல்லாம் எல்லோரும் "ஆமென்" என்றார்கள். நானும் சொன்னேன். கூட்டத்துக்கு வேர்க்குமே என்று மின்விசிறியை ஐந்தில் வைத்தேன்.

சாமி என் முகத்தையே பார்த்தார். செபம் சொல்கிறவர் வேலையாளை ஏன் பார்க்கவேண்டும்? என் அம்மாவும் கடைசியில் நர்ஸிடம் எங்கள் வீட்டுத் தெலுங்கில்தான் பேசினாள். நர்ஸ் புரியாமலே தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். அது நினைவுக்கு வந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. நான் கிறிஸ்தவ வேதக்காரன் இல்லை. எது செபம் என்று சொல்ல நான் யார்?

மூன்றாம் நாள், ரோமில் படித்த பொறுப்புச் சாமி வெளியூரிலிருந்து திரும்பினார். கேட்டுவிட்டு, "இது லத்தீனும் இல்ல, இத்தாலியும் இல்ல. எனக்கே வெளங்கலயே," என்றார். இத்தாலியில் இருக்கும் சாமியின் தங்கச்சியை வீடியோவில் கூப்பிட்டார். அந்தம்மா காதைக் கொடுத்துக் கேட்டு அழுதார். ஃபிரியூலி என்று அவர்கள் மலைப்பக்கத்துப் பேச்சாம். பள்ளத்தாக்குக்கு ஒரு விதமாம். அவர்கள் ஊர் விதத்தைப் பேச இப்போது சில கிழடுகள்தான் மிச்சம், பேரப்பிள்ளைகளுக்கு வராதாம்.

"சாமிக்குக் குளிருதாம்," என்றார் பொறுப்புச் சாமி. "ஏன் யாரும் ஒண்ணும் செய்யலன்னு கேக்காக."

விசிறியை நிறுத்தினேன். போர்வை போர்த்திக் காலைத் தொட்டால் சில்லென்றிருந்தது. தினமும் துடைத்த கால். ஈரத்துணியின் சில்லிப்பு என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் அந்த அக்கா இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தார்.

"என்ன தம்பி, இப்படிப் புழுங்குது!" சுவிட்சைப் போட்டார்.

"போடாதீங்கக்கா. சாமிக்குக் குளிருது."

"இந்த வெயில்லயா? நல்லாச் சொன்னீரு போம்!"

எழுந்து போய் நிறுத்தினேன். மூவரும் முழங்காலிட்டுச் செபத்துக்காகக் காத்திருந்தார்கள். சாமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.