கன்வேயர் பெல்ட் போர்த்திய கோழிக்கூண்டு

நெய்வேலியில் பர்மனெண்ட் ஆனவனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுக்கும்போதே மருத்துவம், தோட்டக்கலை, கால்நடை வளர்ப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. நானும் பர்மனெண்ட்தான். அனல்மின் நிலையத்தில், பாய்லரில் வேலை. உள்ளே போதுமான காற்று போகிறதா, புகை ஒழுங்காக வெளியேறுகிறதா என்று ஷிப்ட் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இருபது வருடமாக அதைத்தான் பார்க்கிறேன்.

எங்கள் பிளாக்கில் தெருக் கூட்டும் அம்மா காண்டிராக்ட். ஊரில் இருந்த வீடும் கொல்லையும் சுரங்கத்துக்குப் போய்விட, ஒற்றை அறை வாடகைக்கு வந்தவர். கொல்லையிலிருந்து அவரோடு வந்தவை ஆறு பெட்டைக் கோழிகள் மட்டும்தான். அவற்றை வைக்க இடமில்லாமல், என் மனைவியிடம் கேட்டு எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வலைக்கூண்டு அடித்து வளர்த்துவந்தார். கார்த்திகை அடைமழையில் மகளுக்குப் பிரசவம் என்று மேல்பட்டாம்பாக்கத்துக்குக் கிளம்பினார். மனைவி அப்போது பிறந்த வீடு போயிருந்ததால், என்னிடம் சொன்னார்.

"மேல ஒழுவாம பாத்துக்குங்க சார். சைடுல மட்டும் அடைச்சுடாதீங்க, காத்து வரணும். கோழிய குளுரு ஒண்ணும் பண்ணாது, ஈரந்தான் கொல்லும். அடியில போட்ட மல்லாட்டத் தோலு நனைஞ்சா வாரிக் கொட்டிட்டு வேற போடுங்க. மூட்டையில காஞ்சது வெச்சிருக்கேன். ஒரு வாரத்துல வந்துடுவேன். புள்ள பெத்தவளுக்கு முட்ட குடுக்கணுங்க."

தலையை ஆட்டினேன். காதில் வாங்கவில்லை. விளக்குமாறு பிடிக்கிறவர் எனக்குக் காற்றைப் பற்றிப் பாடம் எடுப்பதா என்ற இளக்காரம். இளக்காரத்தில் எனக்கு ஈடு எங்கள் பிளாக்கில் ஒருவர்தான் உண்டு. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர். போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு எதற்கும் தீர்ப்பு சொல்லக்கூடியவர்.

"ஓப்பனா விட்டா நிமோனியா வந்துடும் சார். ஃபுல்லா சீல் பண்ணிடணும்," என்றார் அவர்.

சுரங்கத்தில் நிலக்கரி சுமந்து தேய்ந்துபோன கன்வேயர் பெல்ட் துண்டு இல்லாத வீடு இங்கே ஏது? ஸ்கூட்டர் நிறுத்த, வாசலில் கால் துடைக்க, நாய் படுக்க, எல்லாவற்றுக்கும் அந்தத் தடித்த ரப்பர்தான். படித்த இரண்டு ஆண்கள் அரை நாள் வியர்க்க வியர்க்க உழைத்து, கூண்டின் நாலு பக்கமும் அதை வைத்துக் கம்பி போட்டு முறுக்கினோம். மேலே தார்ப்பாய். உள்ளே நூறு வாட்ஸ் பல்பு. ஈ நுழைய இடமில்லை. அவர் அதைப் போட்டோ எடுத்து பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். கட்டை விரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. நானும் பெருமையாக எண்ணிப் பார்த்தேன், வெட்கங்கெட்டவன்.

மூன்றாம் நாள் தீனி வைக்கக் கதவைத் திறந்தால் நெடி கண்ணைக் கரித்தது. மேலிருந்து ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஆனால் ரப்பரின் உள்பக்கம் நீர் வழிந்தது. அடியில் பரப்பிய வேர்க்கடலைத் தோல் சொதசொதவென்று கிடந்தது. வெள்ளைக் கழுத்துக் கோழி வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. அதன் தொண்டையில் கறகறவென்று சத்தம்.

"குளிர் இன்னும் போகல சார்," என்று இன்னொரு பல்பு கொண்டுவந்து மாட்டினார் நிபுணர். நான் பல்பைப் பிடித்துக் கொடுத்தேன். மூட்டையை நான் தொடவே இல்லை. மருந்துக் கடையில் ஏதோ பொடி வாங்கித் தண்ணீரில் கலக்கி வைத்ததோடு என் கடமை முடிந்தது.

ஏழாம் நாள் காலையில் அந்த அம்மா முட்டைக்குத் தூக்குவாளியோடு வந்தார். கூண்டைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கம்பிகளை அவிழ்த்தார். மூலையில் இரண்டு செத்துக் கிடந்தன. ஒன்று வெள்ளைக் கழுத்து.

"எம்மா நேரமா தெணறிக்கினு கெடந்துச்சோ," என்று அதன் இறகைத் தடவினார்.

நனைந்ததை எல்லாம் வாரிக் கொட்டினார். மூட்டையைப் பிரித்துக் காய்ந்த தோலைப் பரப்பினார். தார்ப்பாயை மட்டும் மேலே விட்டுவைத்தார். தூறல் நிற்கவில்லை, சில்லென்ற காற்று வலைக்குள் புகுந்து போனது. மீதி நாலும் அந்தக் குளிரில் மெல்ல வாயை மூடி மூச்சுவிட ஆரம்பித்தன. முட்டை ஒன்றுகூட இல்லை.

மதிலுக்கு அப்பாலிருந்து நிபுணரின் குரல் வந்தது: "சீக்கு முன்னாடியே இருந்திருக்கும்மா."

அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பேன். குழாயில் கை கழுவிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார், குத்தலே இல்லாமல்.

"தெனம் ஷிப்டுக்குப் போறீங்களே சார், அங்க உங்களுக்கு என்னா வேலங்க?"

"ஆபீஸ் வேலைம்மா," என்றேன்.