பெண்மான் போகிற வழி

இரவு முழுக்கத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, விடிகிற நேரம் காட்டோரம் காரை நிறுத்தி மான் பார்க்க நான் என்ன வேட்டைக்காரனா? ஒக்டோபர் வந்தால் இதுதான் என் பிழைப்பு. அலுத்துப்போய்விட்டது.

போன இலையுதிர்காலம், முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போன என் மனைவியின் காரில் ஒரு கொம்பன் மான் பாய்ந்தது. கார் சப்பளிந்தது. அவளுக்குக் கீறல்கூட இல்லை, ஆனால் அன்றிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை நடுங்கும். நாங்கள் இருக்கிற கிரின்ஸ்டெட் ஊரில் அந்த நேரத்துக்கு பஸ்ஸும் கிடையாது. கார் ஓடப் பயந்தால் வேலையை விடவேண்டியதுதான். அந்த வேலையில் அவள் உயிரையே வைத்திருந்தாள்.

காட்டின் இரு பக்கமும் வீதி உண்டு, ஒன்று ஆற்றோரமாகப் போகும். இணைசேரும் காலத்தில் ஆண்மானுக்குக் கண்மண் தெரியாது. கத்திக்கொண்டு பெண்மான்களின் பின்னாலேயே ஓடும். அதனால் பெண்மான்கள் எந்தப் பக்கம் இறங்குகின்றன என்று பார்த்து, மற்றப் பக்கத்தால் போகச்சொல்லி அவளுக்குப் போன் பண்ணுவேன்.

அன்று முழங்கால் உளைவு தாங்காமல் நோவெண்ணெயை அள்ளிப் பூசிக்கொண்டு, கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்தேன். பெண்மான்கள் என் பக்கமாக வந்தன.

"அதுகள் இஞ்சாலை வருதுகள். நீர் ஆத்துப் பக்கத்தாலை போம்."

"ஓம், வெளிக்கிட்டிட்டன்" என்று வைத்துவிட்டாள்.

முன்னால் வந்த பெண்மான் மூக்கை உயர்த்தியது. காற்று என் பக்கமிருந்து அடித்தது. அந்த எண்ணெய் நெடி எனக்கே தலைக்கேறும், மானுக்குக் கேட்கவா வேண்டும்! கூட்டம் திரும்பி ஆற்றுப் பக்கம் பாய்ந்தது, கொம்பனும் பின்னாலே. ஐயோ மாதாவே, நானே கலைத்து அவளுடைய வழியில் விட்டுவிட்டேன்!

போன் எடுக்கிறாள் இல்லை. காட்டைச் சுற்றிக் காரை ஓட்டிப்போனால், அவளுடைய கார் வீதியோரம் நிற்கிறது. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

காருக்கு ஒன்றுமில்லை. அவளுக்கும் ஒன்றுமில்லை. கண்ணாடியை இறக்கினாள்.

"கடைசி நேரத்திலைதான் கண்டனான். நிப்பாட்டி, எல்லாத்தையும் கடக்க விட்டனான்."

"கை நடுங்கேல்லையே?"

"நடுங்கினதுதான். நடுங்க நடுங்கத்தான் பிறேக்கை மிதிச்சன்." சீட் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்தாள். "இஞ்சேருங்கோ, நாளைக்கு இதுக்கு வராதேங்கோ. நீங்கள் பாக்கிறியள் எண்டிட்டு நான் றோட்டைப் பாக்காமல் ஓடுறன்."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அவள் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.